எந்தக் கரை? டெல்டாவில் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை ஓர் அழைப்பைக் கையாளும் விதம்: முழுமையான வழிகாட்டி

மாசி, பங்குனியில் மத்தியானம் 12 மணி தாண்டினால் கட்டுப்பாட்டு அறை மேசையில் இருப்பவருக்கு வயிற்றைப் பிசையும். சம்பா அறுப்பு முடிந்து ஊருக்கு ஊர் வைக்கோல் போர் நிற்கும். மேட்டூரை ஜனவரி 28 வாக்கில் மூடியிருப்பார்கள். ஆற்றில் மணல் தெரியும், வாய்க்கால் வெடித்துக் கிடக்கும், கீற்றுக் கூரை தொட்டால் நொறுங்கும். எரிய எல்லாம் தயார், அணைக்கத் தண்ணீர் மட்டும் தேட வேண்டும் என்கிற மாதங்கள் அவை.

காவிரி டெல்டாவில் ஒரு மாவட்டத்தில் அந்த மேசையில் 11 ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு கல்யாணம், காது குத்து என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "போன் பண்ணினா ஏன் சார் அத்தனை கேள்வி? வண்டியை அனுப்ப வேண்டியதுதானே?" வீடு எரியும்போது வரும் கோபம் அது, நியாயமானது. அந்தக் கேள்விகள் எதற்கு, கேட்டுக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் என்ன நடக்கிறது, அழைப்பவர் எதைச் சொன்னால் வண்டி சீக்கிரம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மணி அடிப்பதற்கு முன்னால்

அழைப்பைக் கையாள்வது போனை எடுக்கும்போது ஆரம்பிப்பதில்லை. பணி மாறும்போதே முக்கால்வாசி வேலை இருக்கிறது. முதலில் போனைத் தூக்கி டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பேன். அடுத்து வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டுக் குரல் தெளிவாக வருகிறதா என்று கேட்பேன். எந்த நிலையத்தில் எந்த வண்டி ஓடுகிறது, எது ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதைப் பலகையில் எழுதிக்கொள்வேன். பக்கத்து நிலையத்தில் வண்டி இல்லை என்பது அழைப்பு வந்த பிறகு தெரிந்தால் அது கொடுமை.

டெல்டாவில் இதற்கு மேல் இரண்டு கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒன்று பாலக் கணக்கு. காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று ஆறுகள் விரிந்து விரிந்து ஓடுகிற மண் இது. நடுவே எண்ணிலடங்காத வாய்க்கால்கள். எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்த மதகின் மேல் பெரிய வண்டி போகாது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். வாட்டர் டெண்டர், அதாவது தண்ணீர்த் தொட்டியோடு வரும் தீயணைப்பு வண்டி, தண்ணீர் நிரம்பினால் 10 டன்னுக்கு மேல் எடை. அறுவடை மிஷின் போன பாதையில் எல்லாம் அது போய்விடாது.

இன்னொன்று தண்ணீர்க் கணக்கு. கோடையில் எந்தக் கோயில் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, கரை வரை வண்டி போகுமா, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். பம்ப் உறிஞ்சித் தூக்கும் உயரம் நடைமுறையில் 7 மீட்டர் அளவுதான். அதற்குக் கீழே கடல் மாதிரித் தண்ணீர் கிடந்தாலும் எங்களுக்கு உதவாது. வண்டி நிரப்ப வாகான போர்செட் எந்த ஊரில் யாருடையது என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். நிலையத்தில் இருக்கும் வீரர்கள் ரோந்து போகும்போது பார்த்துவந்து சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன்.

கோயில் திருவிழாப் பட்டியலும் சுவரில் தொங்கும். காரணத்தைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1997 ஜூனில் பெரிய கோயில் குடமுழுக்கு யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேரோட்டம் இருக்கும் நாளில் அந்தப் பகுதி மின்வாரிய அலுவலக எண்ணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பேன்.

எந்த எண்

தீ, மீட்பு இரண்டுக்கும் 101. 112-ஐ அழுத்தினால் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான மையம் எடுக்கும், அங்கிருந்து தகவல் கைமாறும். அடிபட்டவர், தீக்காயம் பட்டவர் இருந்தால் 108. சமையல் கேஸ் கசிவுக்கு என்று 1906 இருக்கிறது, மின்வாரியத்துக்கு 1912. புயல், வெள்ளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077. உங்கள் ஊருக்கு வரும் தீயணைப்பு நிலையத்தின் தரைவழி எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள். நேரே அங்கே பேசினால் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே பாதி புரிந்துவிடும்.

ஒன்றை மனதில் வையுங்கள். 101-ஓ 112-ஓ, எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரியும் என்று எண்ணிப் பேசாதீர்கள். மாவட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

முதல் கேள்வி இடம்

என்ன எரிகிறது, எப்படிப் பற்றியது என்பதெல்லாம் பிறகு. லைன் அறுந்துபோனாலும் வண்டியை அனுப்ப எனக்கு இடம் ஒன்று போதும். இடம் தெரியாமல் மற்ற எல்லாம் தெரிந்தும் பயனில்லை.

பதறியவரிடம் இடத்தை வாங்குவது லேசான காரியம் இல்லை. ஓர் அழைப்பை அப்படியே எழுதுகிறேன், ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

"சார், சீக்கிரம் வாங்க சார், பத்திக்கிட்டு எரியுது!"

"வண்டி வருதும்மா. எந்த ஊரு?"

"மேலத்தெரு சார்!"

"எந்த ஊரு மேலத்தெரும்மா?"

"எங்க ஊருதான் சார், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால!"

டெல்டாவில் மேலத்தெருவும் மாரியம்மன் கோயிலும் இல்லாத ஊர் எது? அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. அவருக்கு உலகத்தில் ஒரே மேலத்தெருதான். அந்த நேரத்தில் "ஊர்ப் பேரைச் சொல்லுங்க" என்று நாலாவது முறை அதட்டினால் அழுகைதான் வரும். கேள்வியை மாற்ற வேண்டும். "உங்க ஊருக்கு வர்ற பஸ்ஸுல என்ன போர்டு போட்டிருக்கும்?" என்று கேட்டேன். உடனே சொன்னார். அந்த வழித்தடத்தில் அப்படி ஒரு தெரு உள்ள ஊர்கள் இரண்டுதான். "ரேஷன் அரிசி எங்கம்மா வாங்குவீங்க?" என்றதும் ஊர் கிடைத்துவிட்டது. பஸ் போர்டு, ரேஷன் கடை, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், பக்கத்து நெல் கொள்முதல் நிலையம் என்று பதற்றத்திலும் மறக்காத விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

முன்பெல்லாம் தரைவழி போனின் ஊர்க் குறியீடே பாதியைச் சொல்லிவிடும். 04364 என்றால் மயிலாடுதுறை, 04367 என்றால் மன்னார்குடி, 04369 என்றால் திருத்துறைப்பூண்டி. செல்போன் வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது. போதாததற்கு, உங்கள் அழைப்பை எந்தக் கோபுரம் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து அது போய்ச் சேரும் இடமும் மாறலாம். கொள்ளிடக் கரையிலும் மாவட்ட எல்லையிலும் இருப்பவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். காரைக்காலைச் சுற்றி இன்னும் சிக்கல். ஒரு பக்கம் நாகப்பட்டினம், மறு பக்கம் மயிலாடுதுறை, நடுவே புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். தீயணைப்புத் துறையே வேறு. அழைப்பு மாறிப் போய்விட்டால் எடுத்தவர் தகவலை வாங்கி உரிய இடத்துக்குக் கடத்துவார், நீங்கள் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில்தான். வயதானவர்கள் பலர் இன்னும் வாய் தவறி "நாகை மாவட்டம்" என்பார்கள். மேசையில் இருப்பவர் அதையும் எதிர்பார்த்தே கேட்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் உண்டு. பாபநாசம் தஞ்சாவூரிலும் இருக்கிறது, திருநெல்வேலியிலும் இருக்கிறது. குரு கோயில் ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், இன்னொரு ஆலங்குடி புதுக்கோட்டையில். சின்னக் கிராமங்களில் இது இன்னும் அதிகம். தாலுகாவைச் சேர்த்துச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் விபத்து என்றால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதும் போதும். வயல்வெளி என்றால் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் லொகேஷன் அனுப்புவது நல்லது. ஆனால் அதை எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வாயால் சொல்வதை நிறுத்திவிடாதீர்கள்.

வடகரையா, தென்கரையா

இதைத் தனியாக எழுதக் காரணம் என் தவறு ஒன்று.

ஒரு மாசி மாதம், மாலை நான்கு மணி இருக்கும். ஆற்றங்கரை ஓரம், கோயிலுக்குப் பக்கத்தில் மூன்று கூரை வீடு எரிகிறது என்று ஒரு தம்பி அழைத்தார். ஊர் எனக்குத் தெரிந்த ஊர். தெரிந்த ஊர் என்ற தைரியத்தில் மேற்கொண்டு கேட்கவில்லை, தென்கரை நிலையத்து வண்டியை அனுப்பினேன். 12 நிமிடத்தில் வயர்லெஸ்ஸில் குரல் வந்தது: "கன்ட்ரோல், தீ தெரியுது. ஆனா ஆத்துக்கு அந்தாண்ட." அந்த ஊர் இரண்டு கரையிலும் இருந்தது. கோயிலும் இரண்டு கரையிலும் இருந்தது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். கூப்பிடு தூரத்தில் வீடு எரிகிறது, மணலில் வண்டி இறங்காது. பாலம் 4 கிலோமீட்டர் கிழக்கே. வீரர்கள் நாலு பேர் வண்டியை விட்டு இறங்கி, குடத்தை வாங்கிக்கொண்டு மணலில் ஓடினார்கள். வண்டி சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மூன்று வீடு ஏழு வீடாகியிருந்தது. ஆள் சேதம் இல்லை. கன்றுக்குட்டி ஒன்று கட்டுத்தறியிலேயே போய்விட்டது.

அன்றிலிருந்து டெல்டாவில் எந்த அழைப்பு வந்தாலும் ஊர்ப் பெயருக்கு அடுத்த கேள்வி "எந்தக் கரை?" என்றுதான் கேட்டேன். நம் ஆட்களுக்கு இது வெகு இயல்பாக வரும். வடக்கால, தெக்கால என்றுதான் நாம் வழி சொல்கிறோம். "ஆத்துக்குத் தெக்கால, பாலத்துக்கு மேக்கால" என்று நீங்களாகவே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எதிர்க்கரையில் எரிவதைப் பார்த்து நீங்கள் அழைக்கிறீர்கள் என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆபரேட்டர் நீங்கள் நிற்கும் கரையையே எழுதிக்கொள்வார்.

வண்டி புறப்படுவது எப்போது

இடம் உறுதியான அந்த நொடியில். உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கை நிலையத்துக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கும். "இன்னும் கேள்வியே கேட்கிறார்களே" என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில் அங்கே மணி அடித்திருக்கும். வீரர்கள் உடுப்பும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு ஏறி, ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும் என்றுதான் பழக்குகிறார்கள். அதன் பிறகு உங்களிடம் கேட்பதெல்லாம் வழியில் போகும் வண்டிக்கு வயர்லெஸ்ஸில் போய்ச் சேருவதற்காக.

எந்த நிலையத்து வண்டி என்பதில் வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்க்கக் கூடாது. பாலத்தின் வழியாக எது அருகில் என்று பார்க்க வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டிய நிலையம் அருகில் இருந்தால் தயங்காமல் அவர்களைக் கேட்பது வழக்கம்.

இரண்டாவது வண்டியை எப்போது அனுப்புவது? ஒரு வாட்டர் டெண்டரில் ஏறத்தாழ 4500 லிட்டர் பிடிக்கும். ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் கொட்டினால் பத்தே நிமிடம். இரண்டு குழாய் பிடித்தால் ஐந்து. கூரை வீடுகள் நெருங்கிய தெரு, கோடைக்காலம், பக்கத்துக் குளம் வற்றிக் கிடக்கிறது என்று தெரிந்தால் முதல் வண்டி போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சேர்த்தே அனுப்பிவிட வேண்டும். தேவையில்லை என்றால் பாதி வழியில் திருப்பிக்கொள்ளலாம். வெறுமனே போய் வந்தது என்று யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

அடுத்த கேள்விகள்: என்ன எரிகிறது, யார் உள்ளே

"உள்ளே ஆள் இருக்காங்களா?" என்பது இதில் முதலாவது. எத்தனை பேர், எந்த அறை, நடக்க முடியாதவர்களா, குழந்தைகளா என்று கேட்பேன். மாடிக் கட்டடம் என்றால் எத்தனை மாடி, படி எந்தப் பக்கம், மேலே கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார்களா என்றும் கேட்பேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. கீற்றுக் கூரையும் குறுகிய படியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பள்ளி, கல்யாண மண்டபம், பந்தல் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே ஒரு வண்டியோடு நிற்க மாட்டோம். ஆம்புலன்ஸுக்கும் காவல் நிலையத்துக்கும் அதே மூச்சில் தகவல் போகும்.

கூரை வீடு என்றால் சிலிண்டர் உள்ளே இருக்கிறதா, எந்த மூலையில் என்று கேட்பார்கள். நெருப்பில் வெந்துகொண்டிருக்கும் சிலிண்டர் வெடித்தால் அணைக்க வந்தவர்தான் முதலில் அடிபடுவார். நிறைந்ததா காலியா என்று தெரியாவிட்டால் நிறைந்தது என்றே எடுத்துக்கொள்வோம்.

கேஸ் கசிகிறது, இன்னும் பற்றவில்லை என்றால் வேறு மாதிரி. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படரும். சுவிட்சைப் போடாதீர்கள், போட்டிருப்பதை அணைக்கவும் செய்யாதீர்கள், அந்தச் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து அங்கிருந்து பேசுங்கள். வீட்டுக்குள் நின்றுகொண்டு செல்போனில் பேசுபவரை நான் முதலில் வெளியே போகத்தான் சொல்வேன்.

வைக்கோலைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், டெல்டாவின் தீ அதுதான். "போர் எரியுது" என்றால் எத்தனை போர், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மேலே மின்கம்பி போகிறதா, ஜேசிபி கிடைக்குமா என்று கேட்போம். ஜேசிபி எதற்கு? வைக்கோல் போரின் மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வெளிப்புறம் நனைந்து வழிந்துவிடும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பிரித்துப் போட்டு அணைத்தால்தான் அணைந்ததாகக் கணக்கு. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாழ்ந்த கம்பியில் உரசிப் பற்றுவதும் உண்டு. அப்போது டிரைவர் செய்யக்கூடிய நல்ல காரியம், ஊருக்குள் போகாமல் வெட்டவெளிக்கு வண்டியைத் திருப்பிவிட்டு, கம்பி தொடாத இடத்தில் இறங்கி ஓடுவது.

மின்கம்பி அறுந்து கிடக்கிறது என்றால் மேசையில் இருப்பவர் உங்களுக்காக மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்வார். "நிறுத்தியாச்சு" என்று அங்கிருந்து வார்த்தை வரும்வரை தண்ணீர் அடிக்க மாட்டார்கள். வண்டி வந்தும் சும்மா நிற்கிறார்கள் என்று அந்த நேரத்தில் ஊரார் கொதிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் காத்திருப்புக்குக் காரணம் இதுதான்.

வண்டி வரும்வரை

நல்ல ஆபரேட்டர் "வண்டி வருது" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பதில்லை. செய்ய வேண்டியதைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்வார். மாட்டை அவிழ்த்துவிடுங்கள். அறுத்தாவது விடுங்கள், முடிச்சை அவிழ்க்க நேரம் பார்க்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணையுங்கள். எரிகிற கூரையை விட்டுவிட்டு, காற்று போகும் திசையில் இருக்கும் அடுத்த வீட்டுக் கூரையை நனையுங்கள், ஈரச் சாக்கைப் போடுங்கள், முடிந்தால் அந்தப் பக்கத்துக் கீற்றைத் துரட்டியால் இழுத்துத் தள்ளுங்கள். பீரோவை எடுக்க, ரேஷன் கார்டை எடுக்க என்று யாரும் உள்ளே போகக் கூடாது. கார்டை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

உடம்பில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. படுக்க வைத்து உருட்டுங்கள், கனமான பருத்திப் போர்வையால் மூடுங்கள். பிறகு புண்ணின் மேல் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விட்டுக்கொண்டே இருங்கள். மாவு, மை, பேஸ்ட் எதுவும் தடவ வேண்டாம்.

தெருமுனைக்கு ஒருவரை அனுப்புங்கள். இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் இதைப்போல் நேரத்தை மிச்சம் செய்வது வேறில்லை. மெயின் ரோட்டில் பிரியும் இடத்தில் இருட்டில் ஒருவர் டார்ச்சோடு நின்றால் வண்டி தயங்காமல் திரும்பும். தெருவில் நிற்கும் டூவீலர், டிராக்டர், களத்தில் காயும் நெல், தாழத் தொங்கும் கேபிள் ஒயர் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அழைத்த போனைக் கையிலேயே வைத்திருங்கள், மற்றவர்களுக்குச் சேதி சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். ஓட்டுநர் வழி கேட்டு அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்.

ஒரே தீக்கு ஊரில் முப்பது பேர் அழைப்பார்கள். தவறில்லை. ஆளுக்கொரு இடம் சொல்வார்கள், அதையெல்லாம் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்ப்பது மேசையின் வேலை. ஆனால் "ஏற்கெனவே சொல்லியாச்சு" என்று முப்பதாவது ஆளை வெட்டிவிடக் கூடாது. அவர் வேறொரு தீயைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். குழந்தை அழைத்தாலும், குடித்தவர் அழைத்தாலும், பொய் என்று நிச்சயமாகத் தெரியும்வரை மெய்தான்.

தீ அல்லாத அழைப்புகள்

துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, தென்னை மரத்தில் மயங்கித் தொங்குபவர், ஆலமரத்தில் கூடு கட்டிய கதண்டு என்கிற விஷக் குளவி எல்லாம் இங்கேதான் வரும். பாம்பு என்றால் முதல் கேள்வி யாரையாவது கடித்ததா என்பது. கடித்திருந்தால் பாம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் 108. கடிக்கவில்லை என்றால் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். கதண்டுக் கூட்டை நீங்களாகப் பந்தம் கொளுத்தி எரிக்கப் போகாதீர்கள். பூச்சிகள் கூட்டில் அடையும் இருட்டு நேரத்தில்தான் அதை அழிப்பது வழக்கம், பகலில் அழைத்தால் அதுவரை அந்தப் பக்கம் யாரையும் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வோம்.

ஆற்றில் மூழ்கியவர் என்றால் கடைசியாகப் பார்த்த இடம்தான் எல்லாம். பார்த்தவர் அந்த இடத்துக்கு நேராகக் கரையில் நிற்க வேண்டும், நகரக் கூடாது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. நீச்சல் தெரியும் என்று இன்னொருவர் குதிக்க வேண்டாம். கயிறு, வேட்டி, மூடிபோட்ட காலி பிளாஸ்டிக் கேன் என்று மிதக்கிற, பிடித்துக்கொள்ளக் கூடிய எதையாவது வீசுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மேசை வேறு மேசையாகிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய பிறகு கம்பமும் செல்போன் கோபுரமும் சாய்ந்தன. இப்படிப்பட்ட இரவில் போன் ஓய்ந்துவிட்டால் நிம்மதி அடையக் கூடாது, அழைக்க முடியாமல் இருக்கிறார்கள் என்று பொருள். வயர்லெஸ்தான் கை கொடுக்கும். வரும் அழைப்புகளை வரிசைப்படி எடுக்க முடியாது. உயிர் சிக்கியிருப்பது முதலில், ஆம்புலன்ஸ் போகும் சாலையை அடைத்த மரம் அடுத்து, வீட்டு மேல் சாய்ந்த மரம், ஆள் பத்திரம் என்றால் அதற்கும் பிறகு. "என் வீட்டு மரத்துக்கு ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்பவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கொள்ளிடத்தில் லட்சக்கணக்கான கனஅடி வரும்போது நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அங்கே வண்டியை அனுப்பிப் பயனில்லை, படகு வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அழைக்கும்போது எத்தனை பேர், அவர்களில் கர்ப்பிணி, முதியவர் எத்தனை பேர், மேடான இடம் எது என்று சொல்லிவிட்டால் படகு எத்தனை நடை போக வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

முடித்து எழுதுவது

அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், திரும்பிய நேரம் ஆகிய நான்கும் குறிப்பேட்டில் ஏறும். வீடு எரிந்த குடும்பம் நிவாரணத்துக்கோ காப்பீட்டுக்கோ அலையும்போது இந்தப் பதிவு அவர்களுக்குத் துணை. தீயை ஊராரே அணைத்துவிட்டாலும் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, வந்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டி வராத தீக்கு நிலையத்தில் பதிவு இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.

வைக்கோல் தீயை மட்டும் அன்றோடு முடிந்ததாக நினைக்க வேண்டாம். பிரித்துப் போட்ட குவியலை இரவில் இரண்டு தடவையாவது போய்ப் பாருங்கள். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு தெரியும். விடியற்காலைக் காற்றில் மறுபடி புகை எழும்பினால் "நேத்து வந்துட்டுப் போனாங்களே, மறுபடி எப்படிக் கூப்பிடுறது" என்று கூச்சப்பட வேண்டாம். 101-ஐ அழுத்தி, நேற்றைய தீதான் என்று சொல்லி, ஊரையும் கரையையும் மறுபடி சொல்லுங்கள். பணி மாறியிருக்கும், எடுப்பவர் வேறு ஆளாக இருப்பார்.